21 அடிக்கு மேல் அனுமதி இல்லை

2016-ஆம் வருடம் நானும் வீட்டம்மாவும் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மகன் சொன்னான்: "அப்பா, ஜூலையில பன்னண்டு நாள் லீவு போட்டிருக்கேன். ஆர்.வி. ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிட்டு மேற்குப் பக்கத்து தேசியப் பூங்காவெல்லாம் பாத்துட்டு வந்துரலாம். ரூட்டு மட்டும் நீங்க போட்டுக் குடுங்க. நீங்கதான் ரோட்டுக்காரராச்சே!"

ஆர்.வி. என்றால் கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி. நம் ஊர் மினி பஸ் அளவு இருக்கும். நெடுஞ்சாலைத் துறையில் 33 வருடம் குப்பை கொட்டியவனுக்கு ரூட்டுப் போடுவது ஒரு வேலையா என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வீட்டம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "முட்டி வலியோட மலையேற என்னால ஆகாதுங்க. உக்காந்த எடத்துல இருந்து பாக்கற மாதிரி இருந்தா வர்றேன்."

லாஸ் வேகஸில் வண்டியை எடுத்து, ஜயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் வழியாகக் கனடா எல்லையில் உள்ள கிளேசியர் வரை என்று கோடு போட்டேன். வரைபடத்தில் அரை மணி நேர வேலை. சிக்கல் பிறகுதான் ஆரம்பித்தது. எங்கள் வண்டி 25 அடி நீளம், 12 அடி உயரம். ஜயானில் ஒரு சுரங்கப்பாதை. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரம் என்றால் அப்போது தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தங்குமிடங்களில் பல இடங்களுக்கு நீள வரம்பு. கிளேசியரில் உள்ள பெயர்பெற்ற மலைச்சாலையிலோ 21 அடிக்கு மேல் எந்த வண்டிக்கும் அனுமதியே இல்லை. இதையெல்லாம் யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து நூலகத்தில் அட்டை போட்டு ஒரு மாதம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யெல்லோஸ்டோன் 1872-இல் தேசியப் பூங்கா ஆனது. உலகத்திலேயே முதலாவது என்பார்கள். ஆனால் அடுத்த 40 வருடம் அங்கே போனவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள். ரயிலில் பூங்கா வாசல் வரை வந்து, குதிரை வண்டியில் ஏறி, ஐந்தாறு நாள் சுற்றிவிட்டு, ஓட்டலில் தங்கித் திரும்புவது வழக்கம். கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் 1900-இல் ஒருவர் நீராவிக் காரில் நுழைந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். குதிரைகள் மிரளுகின்றன என்று 1907-இல் காருக்குத் தடை போட்டார்கள்.

தடையை எடுக்கலாமா என்று 1912-இல் பெரிய விவாதம் நடந்தது. அப்போது பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் பிரைஸ், காரை உள்ளே விட்டால் அந்தப் பள்ளத்தாக்கின் கதை முடிந்தது, ஏதேன் தோட்டத்துக்குள் பாம்பை விட்ட மாதிரிதான் என்று எச்சரித்தார். காட்டைக் காப்பாற்றவே வாழ்ந்த ஜான் மியூர் காரை ரசித்தவர் அல்ல. ஆனாலும் வருவதை இனித் தடுக்க முடியாது என்று அவரே ஒத்துக்கொண்டார். அவர் தலைவராக இருந்த சியரா கிளப்பும் காரை வரவேற்கும் பக்கம்தான் நின்றது. ஆள் வந்து பார்த்தால்தானே காட்டுக்காகப் பேச ஆள் இருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. 1913-இல் யோசெமிட்டியும், 1915 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனும் காருக்குக் கதவைத் திறந்தன. ஆரம்ப நாள் விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். குதிரை வண்டி எதிரே வந்தால் கார்தான் ஒதுங்க வேண்டும். அதுவும் எந்தத் திசையில் போனாலும் மலைச்சரிவின் வெளிவிளிம்புக்குப் போய் நிற்க வேண்டும். குதிரைக்கு அவ்வளவு மரியாதை! யெல்லோஸ்டோனில் அந்த மரியாதை இரண்டே வருடம்தான். 1917-இல் குதிரை வண்டிகள் போய் மோட்டார் பஸ்கள் வந்துவிட்டன.

இந்த மாற்றத்தை ஊக்கத்தோடு நடத்தியவர் ஸ்டீபன் மாதர். போராக்ஸ் வியாபாரத்தில் கோடீஸ்வரர் ஆனவர். 1916-இல் தேசியப் பூங்காத் துறை ஏற்பட்டபோது அதன் முதல் இயக்குநர். யோசெமிட்டியின் வடபகுதியில் 1880-களில் வெள்ளிச் சுரங்கத்துக்காகப் போட்டு, பிறகு பாழாய்க் கிடந்த டியோகா சாலையை, 1915-இல் தன் கைப்பணத்தையும் நண்பர்களிடம் வசூலித்ததையும் சேர்த்து வாங்கி அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். சொந்தப் பணத்தில் ரோடு வாங்கித் துறைக்குக் கொடுத்த அதிகாரியை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. வாக்காளர்கள் குடும்பத்தோடு காரில் வந்து பார்த்தால்தான் நாடாளுமன்றம் பூங்காக்களுக்குப் பணம் ஒதுக்கும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1916-இல் எல்லாப் பூங்காக்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம் பேர். 1920-இல் அது பத்து லட்சத்தைத் தாண்டியது.

அந்த 1920-இல்தான் எங்கள் பயணத்துக்கு முன்னோடியான ஒரு பயணம் நடந்தது. டென்வர் நகரத்திலிருந்து ஒரு குழு கார்களில் கிளம்பி, மேற்கில் உள்ள 12 தேசியப் பூங்காக்களையும் ஒரே வட்டமாகச் சுற்றி வந்தது. சுமார் 5,000 மைல், 76 நாள். வழியில் பெரும்பகுதி மண் ரோடு. பூங்காக்களை இணைத்து ஒரு நெடுஞ்சாலை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போனார்கள்.

வண்டிக்குள் குடித்தனம் நடத்துவது அதற்கும் முந்தியது. 1910-இல் பியர்ஸ் ஆரோ என்ற நிறுவனம் நியூயார்க்கில் ஒரு காரைக் கண்காட்சிக்கு வைத்தது. பின் இருக்கையை மடக்கினால் படுக்கை, கை கழுவத் தொட்டி, கழிவுப் பானை, முன்னால் உள்ள டிரைவரிடம் பேச டெலிபோன். சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. அவர்கள் போர்டு காரின் பக்கத்தில் கூடாரம் கட்டிப் படுத்தார்கள். இன்றைய மோட்டார் வீடு கொஞ்சம் கைக்கு எட்டும் விலையில் வரிசையாகத் தொழிற்சாலையிலிருந்து இறங்கியது 1960-களின் பின்பாதியில்தான்.

தங்குமிடங்களின் நீள வரம்புக்கு விடை இங்கே கிடைத்தது. 1920-களில் காரில் வந்தவர்கள் மரத்தடியில் கண்ட இடத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான வருடம் நின்ற சிகோயா மரங்களின் வேர் மேல் மண் இறுகிப் போவதைக் கண்டுபிடித்தவர் மைனெக்கி என்ற மரநோய் நிபுணர். 1932-இல் அவர் ஒரு திட்டம் கொடுத்தார். ஒருவழிப் பாதை ஒன்று வளைந்து வர வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் கார் நுழைகிற அளவுக்கு ஒரு சிறு கிளை. அங்கே ஒரு மேசை, ஒரு அடுப்பு, கூடாரத்துக்கு இடம். கிளையைத் தாண்டிக் கார் போகாதபடி பாறாங்கல். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் இந்த முறையில் ஏராளமான முகாம்களைக் கட்டியது. அன்றைய காரின் நீளம்தான் அந்தக் கிளையின் நீளம். 25 அடி வண்டியை அதில் பின்பக்கமாக நுழைக்க மகன் பட்ட பாடு தனிக் கதை. நான் கீழே நின்று "வரட்டும், வரட்டும்" சொன்னேன்.

ஜயான் சுரங்கப்பாதைக்கு வருகிறேன். ஜயானிலிருந்து பிரைஸ் போக அன்று வெகுதூரம் சுற்ற வேண்டும். குறுக்கே செங்குத்து மணற்கல் மலை. 1927-இல் குடையத் தொடங்கி 1930 ஜூலை 4-இல் திறந்தார்கள். நீளம் 1.1 மைல். பாறை முகத்தில் தொங்கியபடி ஜன்னல்களைத் திறந்து, அவற்றின் வழியாக உள்ளே போய், அங்கிருந்து இரண்டு பக்கமும் வெடி வைத்துக் குடைந்திருக்கிறார்கள். கல்லையும் அந்த ஜன்னல்கள் வழியாகத்தான் கீழே தள்ளினார்கள். இரண்டு தொழிலாளிகள் உயிர் விட்டார்கள். அப்போதைய கார்கள் எதிரெதிரே தாராளமாகப் போகலாம். வளைந்த கூரைக்குக் கீழே எங்கள் மாதிரி வண்டி நடுவில் போனால்தான் தலை இடிக்காது. அதனால் எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி வைத்து எங்களை விட்டார்கள். அதற்கு 15 டாலர். "ஒரு மைலுக்குப் பதினஞ்சு டாலரா?" என்று மகன் முணுமுணுத்தான். இருட்டில் போகும்போது ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று வந்து மறைந்தது. சிவப்பு மலை ஒரு கணம் தெரிந்தது. கைப்பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவது போல.

அதே ஜயானில் இன்னொன்றும் பார்த்தேன். பள்ளத்தாக்கின் உள்சாலையில் கார் நெரிசல் தாங்காமல், 2000-ஆம் வருடத்திலிருந்து வருடத்தின் பெரும்பகுதி சொந்தக் காரை விடுவதில்லை. எல்லோரும் பூங்காவின் பஸ்ஸில்தான் போக வேண்டும். ஜேம்ஸ் பிரைஸ் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கிளேசியர் சாலைதான் என் மனதுக்கு நெருங்கியது. முதலில் குட்வின் என்ற பொறியாளர் ஒரு வழி போட்டார். மலையைச் சீக்கிரம் ஏற 15 கொண்டை ஊசி வளைவுகள். செலவு குறைவு. தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளர் குறுக்கே பேசினார். அவ்வளவு வளைவு போட்டால் சுரங்கம் தோண்டிய இடம் மாதிரி மலை கந்தலாகிவிடும். பாறைச் சுவரை ஒட்டி ஒரே சீரான ஏற்றமாக, ஒரே ஒரு வளைவோடு கொண்டுபோகலாம் என்றார். செலவு கூடுதல். மாதர் இரண்டையும் கேட்டுவிட்டு விண்ட் பக்கம் முடிவு செய்தார். சாலை தெரியாமல் இருப்பதற்காகக் கூடுதல் பணம்! எங்கள் எஸ்டிமேட்டில் அப்படி ஒரு இனம் எழுதினால் தணிக்கையில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். பாறையைச் செதுக்கி எடுத்த சாலை என்பதால் அகலம் குறைவு. அந்த 21 அடி அங்கிருந்து வந்ததுதான்.

1933 ஜூலை 15-இல் லோகன் கணவாயில் திறப்பு விழா நடந்தது. பிளாக்ஃபீட் முதலான பழங்குடி மக்களை வரவழைத்துச் சமாதானப் புகைக்குழல் சடங்கு நடத்தினார்கள். அந்த மலையின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் மக்களுடையது. வறுமையில் இருந்தபோது 1895 ஒப்பந்தத்தில் 15 லட்சம் டாலருக்குக் கொடுத்தார்கள். வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் மரம் வெட்டவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று அதிலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். 1910-இல் பூங்கா ஆனதும் அந்த உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். யோசெமிட்டியிலும் பழங்குடியினரின் கடைசிக் குடியிருப்பை 1969-இல் அழித்தார்கள். இதைப் படித்த அன்று ரூட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். நில எடுப்புக் கோப்புகளில் நானும் கையெழுத்துப் போட்டவன். ரோடு திறக்கிற அன்றைக்கு நிலம் கொடுத்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் போனோம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சிவப்பு பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கினோம். 1930-களில் செய்த பஸ்கள், புது இன்ஜின் போட்டு இன்னும் ஓடுகின்றன. மேலே கித்தான் கூரை. டிரைவர் அதைச் சுருட்டிவிட்டார். ஒரு பக்கம் சுவரில் தண்ணீர் வழிகிறது, மறுபக்கம் பாதாளம். வீட்டம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கணவாயில் இறங்கியதும் கேட்டாள்:

"ஏங்க, மொத்தம் எத்தன கொண்டை ஊசி வளைவு வந்துது?"

"ஒண்ணுதான்."

"அப்ப நம்ம கொல்லிமலைக்கு மட்டும் எதுக்கு எழுபது போட்டீங்க?"

நான் அந்த ரோட்டைப் போடவில்லை, பராமரிப்புதான் பார்த்தேன் என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.