லேண்ட்ஸ்கேப்

அடுக்குமாடி விளம்பரங்களில் ‘லேண்ட்ஸ்கேப்பிங்’ என்றால் புல்தரையும் நாலு அலங்காரப் பனையும்தான். சொல்லின் பழைய பொருள் இதைவிடப் பெரிது. டச்சு மொழியில் ‘லாண்ட்ஸ்காப்’ முதலில் ஒரு வட்டாரத்தைக் குறித்தது. பிறகு அதை வரைந்த ஓவியத்துக்கும் அதுவே பெயரானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் அதை ஓவியர் சொல்லாகவே கடன்வாங்கியது; படத்தின் பெயர் நேரில் காணும் நிலத்துக்கு வந்தது அதன் பிறகுதான். ஆக, பார்ப்பவரின் கண் இந்தச் சொல்லுக்குள் நெடுங்காலமாக இருக்கிறது. புவியியலாளர் ஜே ஆப்பிள்டன் 1975இல் விலங்கு நடத்தையியலையும் கலை வரலாற்றையும் சேர்த்துப் படித்து, தான் மறைந்திருந்து தொலைவைப் பார்க்க வசதியான இடமே மனிதருக்குப் பிடிக்கிறது என்றார். ஐரோப்பிய நாடுகள் 2000இல் ஃபிளாரன்ஸில் ஏற்ற உடன்படிக்கையும் லேண்ட்ஸ்கேப்பை ‘மக்கள் உணர்கிற’ பரப்பு என்றே வரையறுக்கிறது. தமிழில் ‘நிலத்தோற்றம்’, ‘நிலவமைப்பு’ என்கிறோம். இரண்டிலும் பார்ப்பவர் இல்லை. ‘திணை’ நிலம், பொழுது, உயிர்கள், மனநிலை அனைத்தையும் கோக்கிறது. ஆனால் அது செய்யுள் மரபோடு இறுகிய சொல். அதைப் பூங்காப் பராமரிப்புக்கு இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. என் தேர்வு ‘நிலக்காட்சி’. காட்சி என்பது காணப்படுவது மட்டுமல்ல. அளவை நூல்களில் அது புலன்வழி அறிதலுக்கும் பெயர். உளவியலாளரும் புவியியலாளரும் ஓவியரும் சேர்ந்து ஆராயும் துறைக்கு இந்த இரட்டைப் பொருள் பொருந்தும். புல்தரை போடுவதற்குத் ‘தோட்ட அமைப்பு’ போதும்.