குற்றத் தொடர்களை எந்த வயதில் பார்க்கலாம்? ஒரு நூறாண்டுக் கேள்வி

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் இருக்கிறது நெல்லிக்குப்பம். 1842ஆம் ஆண்டில் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற ஊர். கரும்பு வெட்டும் காலத்தில் லோடு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். இப்படி ஓர் ஆலை ஊரில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு செல்போனில் 'சுழல்' தொடரைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொடரில் வருவதும் ஓர் ஆலை ஊர்தான். அங்கே தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. அதே சமயத்தில் பதின்பருவப் பெண் ஒருத்தி காணாமல் போகிறாள். ஊரெங்கும் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது.

போனைப் பிடுங்கி வைப்பதா, பார்க்க விடுவதா? இன்றைக்கு இந்தக் கேள்விக்கு அப்பாவோ அம்மாவோ அக்காவோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் கேள்வி புதியதல்ல. சென்னை மாகாணத்தில் போலீஸ் கமிஷனர் முதல் உச்ச நீதிமன்ற நீதிபதி வரை பலரும் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்று திரும்பிப் பார்த்தால், நம் வீட்டுக் கேள்விக்கும் ஒரு வழி கிடைக்கும்.

சினிமாவுக்கு முன்பே

இருட்டான கதைகள் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பழைய தென்னார்க்காடு மாவட்டம் திரௌபதி அம்மன் கோயில்களும் தெருக்கூத்தும் செழித்த பூமி. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பிள்ளைகள் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். சபை நடுவே ஒரு பெண்ணின் சேலையை உருவுவதையும், அபிமன்யு சூழ்ச்சியால் கொல்லப்படுவதையும் அவர்கள் அங்கேதான் பார்த்தார்கள். படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் கிடக்கும். அவன் தொடை பிளக்கப்பட்டு, திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாசி மாதத்து மயானக் கொள்ளையும் அப்படித்தான். காளி வேடம் கட்டியவர்கள் ஆவேசத்தோடு சுடுகாட்டுக்குப் போவதைத் தகப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகள் ஏராளம்.

இதற்கெல்லாம் வயதுச் சான்றிதழ் கிடையாது. ஆனால் வேறு சில ஏற்பாடுகள் இருந்தன. கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. அவன் கேலி பேசுவான், கேள்வி கேட்பான், நடப்பது என்னவென்று விளக்குவான். அழுகை அதிகமானால் சிரிக்க வைப்பான். துகிலுரியும் கட்டம் வந்தால், பல ஊர்களில் துச்சாதனன் வேடக்காரரே கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சேலையில் கை வைப்பார். 'இது தப்பு, நாங்கள் நடிக்கிறோம்' என்பது பார்க்கும் பிள்ளைக்கும் புரிந்துவிடும். பக்கத்தில் பாட்டியும் இருப்பாள். கதை எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் பிள்ளை அதைத் தனியாகப் பார்க்கவில்லை.

போலீஸ் கமிஷனர் கையில் கத்தரி

சினிமா வந்தபோது நிலைமை மாறியது. அரங்கம் இருட்டு. திரையில் நடப்பதற்கு இடையில் புகுந்து பேச யாரும் இல்லை. போதாததற்கு, அந்தக் காலத்தில் இங்கே பெரிதாக ஓடியவற்றுள் அமெரிக்கத் தொடர் படங்களும் அடக்கம். திருட்டு, கடத்தல், துரத்தல் என்று வாரா வாரம் ஒரு முடிச்சோடு நிறுத்துவார்கள். இன்றைய வெப் சீரிஸுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா எனலாம்.

பிரிட்டிஷ் அரசு 1918இல் சினிமா சட்டம் கொண்டுவந்தது. 1920இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. நகரப் போலீஸ் கமிஷனரே அவற்றில் முக்கியப் புள்ளி. ஆட்சிக்கு ஆபத்தா, ஒழுங்கு கெடுமா என்பதே அவர்களுடைய பெரிய கவலை. குழந்தைக்கு வேறு, பெரியவர்களுக்கு வேறு என்ற பிரிவே இல்லை. ஒரு படம் எல்லோருக்கும் உண்டு, அல்லது யாருக்கும் இல்லை. 1927இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழு நாடெங்கும் சாட்சிகளைக் கேட்டது. தணிக்கை போதுமா, சினிமா மக்களைக் கெடுக்கிறதா என்பதும் அதன் முன் இருந்த கேள்விகளுள் ஒன்று.

மர்மயோகியின் ஆவி

வயதை வைத்துப் பிரிக்கும் பழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1949இல் சட்டத்தைத் திருத்தி 'யு', 'ஏ' என்று இரண்டு சான்றிதழ்கள் ஏற்படுத்தினார்கள். தமிழில் முதல் 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் எது தெரியுமா? 1951இல் ஜூபிடர் பிக்சர்ஸ் வெளியிட்ட, கே. ராம்நாத் இயக்கிய, எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'மர்மயோகி'! காரணம், படத்தில் ஆவி வரும் காட்சிகள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கதைப்படி அது ஆவியே இல்லை. இறந்துபோனதாக எல்லோரும் நம்பிய அரசன் உயிரோடிருந்து ஆடும் நாடகம் அது. படத்தைக் கடைசி வரை பார்த்த குழந்தை 'பேய் என்பது பொய்' என்று தெளிந்துதான் வெளியே வந்திருக்கும். ஆனால் சான்றிதழ் கொடுத்தவர்கள் கதை எங்கே போய் முடிகிறது என்பதைவிட, திரையில் என்ன தெரிகிறது என்பதற்கே அதிக எடை கொடுத்தார்கள். அதே 1951இல் பிரிட்டனிலும் 'எக்ஸ்' என்ற வயது வந்தோர் சான்றிதழ் அறிமுகமானது. உலகம் முழுக்கவே 'வாசலில் ஆள் நிறுத்தித் தடுத்தால் போதும்' என்ற நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது.

என்ன என்பதா, எப்படி என்பதா?

இந்த அளவுகோலைக் கேள்வி கேட்டது 1970ஆம் ஆண்டின் ஒரு வழக்கு. கே.ஏ. அப்பாஸ் என்ற இயக்குநர் கல்கத்தா, பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய நான்கு நகரங்களைப் பற்றி ஒரு சிறு ஆவணப்படம் எடுத்தார். பணக்காரர் வாழ்வையும் ஏழைகளின் நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படம். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதி வருகிறது என்பதால் 'ஏ' கொடுத்தார்கள். அப்பாஸ் உச்ச நீதிமன்றம் போனார்.

தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது செல்லும் என்றது. சினிமா மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சியைத் தூண்டும், குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் அதிகம் பாதிக்கும், எனவே வயது பார்த்துப் பிரிப்பதும் சரியே என்றது. ஆனால் அதோடு நிற்கவில்லை. கொடுமையான விஷயம் ஒன்று படத்தில் இருப்பதே குற்றமாகாது, அதைப் படைப்பாளி எப்படிக் கையாள்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும் என்ற கருத்தையும் தீர்ப்பு வலியுறுத்தியது. இந்த நூறாண்டு வரலாற்றில் நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பாடம் இதுதான்.

1983இல் 'யுஏ' வந்தது. 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்பது அன்று அதன் பொருளாக இருந்தது. முடிவெடுக்கும் பொறுப்பின் ஒரு பங்கை அரசு முதல்முறையாகப் பெற்றோர் கையில் கொடுத்தது.

வாசல் வீட்டுக்குள் வந்தது

தியேட்டருக்கு வாசல் உண்டு, டிக்கெட் கிழிப்பவர் உண்டு. தொலைக்காட்சிக்கு அது கிடையாது. 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'மர்ம தேசம்' பலருக்கும் ஞாபகம் இருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர். அதிலும் 'விடாது கருப்பு', காவல் தெய்வமான கருப்பசாமியைச் சுற்றிப் பின்னப்பட்ட கொலைக் கதை. அந்தக் குதிரைச் சத்தத்துக்குப் பயந்து பெரியவர்கள் மடியில் முகம் புதைத்தபடியே பார்த்து முடித்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட தொடர்களுக்குச் சென்சார் சான்றிதழ் தேவைப்படவில்லை. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாத நிகழ்ச்சியை ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் டிவி விதிகள் சொன்னதோடு சரி. ஆனால் வீட்டில் ஒரே டிவி, ஒரே ரிமோட். பாட்டியும் அப்பாவும் அதே அறையில் இருந்தார்கள். கூத்துக் களத்தின் ஒரு பகுதி கூடத்துக்கு வந்திருந்தது என்று சொல்லலாம்.

செல்போன் வந்ததும் அதுவும் போனது. இப்போது திரை ஒருவருக்கு ஒன்று, காதில் ஹெட்போன். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையத் தொடர்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்தாகப் பிரித்தன. யு/ஏ 13+க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும். வன்முறையா, போதையா, கெட்ட வார்த்தையா என்பதையும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். ஆனால் இந்தத் தரம் பிரிக்கும் வேலையைச் செய்வது தணிக்கைக் குழு அல்ல, வெளியிடும் நிறுவனமேதான். பூட்டைப் போடுவது வீட்டுக்காரர்கள் வேலை. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைதான்!

அப்படியானால் 'சுழல்'?

புஷ்கர் - காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூன் மாதம் அமேசான் பிரைமில் 8 பகுதிகளாக வந்தது. இரண்டாம் பருவம் 2025 பிப்ரவரியில் வந்தது. முதல் பருவத்தின் மையம், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை. வெளியே தேடப்படும் ஆபத்து, நம்பிக்கையான முகத்தோடு பக்கத்திலேயே இருக்கலாம் என்பதுதான் அது சொல்ல வரும் சேதி.

பழைய 'மர்மயோகி' அளவுகோலை வைத்தால் விடை சுலபம். இருட்டு, பிணம், பயம் எல்லாம் இருக்கிறது, எனவே வேண்டாம். 1970 தீர்ப்பின் அளவுகோலை வைத்தால் வேறு கேள்விகள் எழும். கொடுமை ரசிக்கும்படி காட்டப்படுகிறதா, வலிக்கும்படி காட்டப்படுகிறதா? கதை யார் பக்கம் நிற்கிறது? பாதிக்கப்பட்டவளுக்குப் பேச இடம் கிடைக்கிறதா? இந்தக் கேள்விகளில் 'சுழல்' பெரும்பாலும் தேறிவிடுகிறது. அது பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கும் தொடர்.

அதனால் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டலாம் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் பயம் தங்கும், பொருள் தங்காது. ஆனால் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு இது முழுக்கத் தடுக்க வேண்டிய கதையும் அல்ல. இத்தகைய குற்றங்களுக்காகவே 2012இல் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் நடந்ததைச் சொல்ல வார்த்தை தெரியாத பிள்ளைக்குச் சட்டமும் எண்ணும் எட்டாது. 'இப்படி நடந்தால் அது உன் தப்பில்லை, சொல்லலாம்' என்ற பேச்சைத் தொடங்கப் பல வீடுகளில் ஒரு கதைதான் தேவைப்படுகிறது.

பிரிட்டனில் 2025ஆம் ஆண்டு இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். சக மாணவியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவன் கைதாகும் 'அடோலசென்ஸ்' தொடரை, அரசின் ஆதரவோடு, உயர்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள். பொய் ஆவிக்காகப் பிள்ளைகளை வாசலில் நிறுத்திய காலத்திலிருந்து, கொலை வழக்கை வகுப்பறைக்குள் கொண்டுவரும் காலத்துக்கு வந்திருக்கிறோம். வகுப்பறை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அங்கே ஆசிரியர் இருக்கிறார், பார்த்த பிறகு பேச்சு இருக்கிறது.

முடிவாக

சான்றிதழ் வேண்டாம் என்பதல்ல. 16+ என்று போட்டிருந்தால் அதை மதிப்பது நல்லது. ஆனால் அந்த எண் ஒரு தொடக்கம்தான். மீதியை வீடுதான் செய்ய வேண்டும். முதல் இரண்டு பகுதிகளைப் பெரியவர்கள் முன்கூட்டியே பார்ப்பது, பிறகு கூடவே உட்கார்ந்து பார்ப்பது, நடுவில் நிறுத்திப் பேசுவது, பிள்ளை 'போதும்' என்றால் கேலி செய்யாமல் அணைத்துவிடுவது. இவ்வளவுதான்.

கூத்துக்குக் கட்டியங்காரன் இருந்தான். செல்போனுக்குள் அவன் இல்லை. பாயில் படுத்துத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பக்கத்தில் வீட்டில் ஒருவர் போய் உட்கார்ந்தால், அந்த இடம் நிரம்பிவிடும்.