ஆறடி உயரத்துக்கு மட்டும் மருந்து

தோழர்களே, பீகாரின் முசகர் மக்களை விட்டுவிட்டுக் காலா அசார் நோயின் வரலாற்றைப் பேச முடியாது. நிலமற்ற தலித் விவசாயக் கூலிகள் அவர்கள். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக்கொட்டகையிலும் அண்டும் மணல் ஈ, கொசுவைவிடச் சிறியது. அது கடித்துப் பரப்பும் இந்தக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம்தான்.

கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களிலேயே இதற்கு மருந்து கண்டார். 1950களில் மலேரியாவை ஒழிக்க வீடுவீடாக டி.டி.டி. அடித்தார்கள். மணல் ஈயும் சேர்ந்து செத்தது, காலா அசார் ஏறக்குறைய மறைந்தது. முசகர்களுக்காக யாரும் அதைச் செய்யவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். மலேரியா குறைந்ததும் தெளிப்பு நின்றது. 1977இல் வடபீகாரில் நோய் கொள்ளைநோயாகத் திரும்பியது.

மறுபடியும் டி.டி.டி. அடித்தார்கள். ஈ உயரப் பறக்காது என்பதால் சுவரில் ஆறடி வரைக்கும்தான். காலப்போக்கில் ஈ அதற்குப் பழகிவிட, 2015 வாக்கில் வேறு பூச்சிக்கொல்லிக்கு மாறினார்கள். 2010க்குள் ஒழிப்போம் என்ற இலக்கு அதற்குள் தவறிப்போயிருந்தது. தெளித்தது சில மாதங்களில் வீரியம் இழக்கும், வெடிப்பு அப்படியே இருக்கும். செங்கல் சுவர் எழுப்பலாமே என்றால், அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டவர் எதை நம்பிக் கட்டுவார்?

பின்னாளில், நோய் தாக்கிய குடும்பங்களுக்கு அரசு வீட்டுத் திட்டத்தில் பக்கா வீடு ஒதுக்கினார்கள். நோய் வந்த பிறகு. அதுவும் மனை இருந்தால்.