பேசாப் பிள்ளை: ஒரு பெயரின் வரலாறு

வீட்டில் ஓயாது பேசும் பிள்ளை, பாடசாலை வாயிலைக் கடந்ததும் ஒரு சொல்லும் பேசாதிருப்பதுண்டு. இந்நிலைக்கு மருத்துவ உலகு இட்ட பெயர்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. பெயரிற் பிழை நேரின் பரிகாரத்திலும் பிழை நேரும் என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

1877ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியர் அடோல்ஃப் குஸ்மவுல், பேசும் ஆற்றலிருந்தும் பேசாமையை, 'விரும்பி மேற்கொண்ட பேச்சிழப்பு' எனப் பொருள்படும் இலத்தீன் தொடராற் குறித்தார். 1934இல் சுவிற்சர்லாந்து உளமருத்துவர் மொரிட்ஸ் ட்ராமர், 'தானே தெரிந்தெடுத்த மௌனம்' என்னும் கருத்துப்படப் பெயரிட்டார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடும் அப்பெயரையே ஏற்று, பிள்ளை பேச 'மறுக்கின்றது' என வரையறுத்தது. மறுப்பு எனக் கொள்ளின் அது பிடிவாதமாகும். பிடிவாதத்திற்குக் கண்டிப்பே மருந்தெனப்படும்.

1994இல் அக்கையேடு 'மறுப்பு' என்னும் சொல்லைக் கைவிட்டது. குறித்த சில சூழல்களில் மட்டும் தோன்றும் மௌனம் என்பதே புதிய பெயரின் கருத்தாயிற்று. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு இதனைப் பதகளிப்புக் கோளாறுகளுள் சேர்த்தது. பிள்ளை பேச விரும்பாதிருக்கவில்லை, அச்சத்தாற் பேச இயலாதிருக்கின்றது என்னும் உண்மை நிலைபெற 136 ஆண்டுகள் சென்றன.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களுக்கு இவ்வரலாறு எவ்வகையிற் பொருந்தும்? பாடசாலை மொழியை அறியாமையால் நேரும் மௌனத்தை அக்கையேடு விலக்குகின்றது. இவ்வூர்களில் வீட்டுமொழியும் தமிழே. முதலாந் தரத்தின் மொழியும் தமிழே. ஆதலின் மொழி வேற்றுமையைக் காரணங்காட்ட இடமில்லை. மகளுக்கு வீட்டைச் சீதனமாக்குவதும் மருமகன் அவ்வீட்டிற்கு வருவதும் இப்பகுதி முஸ்லிம்களின் நெடுநாள் வழமையாகும். எனவே உம்மா, மூத்தம்மா, சாச்சிமார் சூழப் பிள்ளை வளர்கின்றது. அவ்வளவிற்குள் கலகலவெனப் பேசுவதைக் கேட்ட உறவினர், வகுப்பில் அது பேசாதென்பதை நம்புவதரிது. பேசுவதைக் கேட்டறியாத ஆசிரியரோ அதற்கு ஒன்றுந் தெரியாதெனக் கருதக்கூடும். பெண்பிள்ளையாயின் 'அடக்கமானவள்' எனப் பாராட்டி விட்டுவிடுதலும் உண்டு. பழியும் பாராட்டும் ஈண்டு ஒரே தவறாகின்றன.

மற்றொரு வேறுபாடும் நோக்கற்பாலது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பேரிடரின் பின் எங்கும் வாய்மூடுதல் வேறு. வீட்டிற் பேசிப் பாடசாலையிற் பேசாமை வேறு.

அச்சமே காரணமெனின், அதனைப் படிப்படியாகக் குறைத்தலே பரிகாரமாகும். வகுப்புத் தொடங்குமுன் வெற்றறையில் உம்மாவுடன் பிள்ளை விளையாடிப் பேசட்டும். ஆசிரியர் முதலில் வாயிலில் நின்று, நாளடைவில் அணுகி, பின்னர் அவ்விளையாட்டிற் கலந்துகொள்ளலாம். தலையசைப்பும் சுட்டுதலும் கிசுகிசுப்பும் விடைகளாக ஏற்கப்படல் வேண்டும். வீட்டிற்கு வந்தோர் முன் 'சலாம் சொல்லு' என நெருக்குதலும், பிள்ளைக்காகப் பிறர் முந்தி விடையளித்தலும் தவிர்க்கத்தக்கன. முதற்சொல் பிறக்கும்போது ஆரவாரம் செய்தலுங் கூடாது. பாடசாலையிற் சேர்ந்து முதல் மாதம் கழிந்த பின்னும் மௌனம் நீடிப்பின், செவிப்புலனைச் சோதித்து, உளநல வைத்தியரையோ பேச்சுச் சிகிச்சையாளரையோ நாடுதல் நன்று.

மருத்துவ நூல்கள் 1994இற் கைவிட்ட 'மறுப்பு' என்னும் சொல்லை நமது வகுப்பறைகளும் வீடுகளும் கைவிடுதல் வேண்டும். பிள்ளையை நோக்கி 'ஏன் பேச மறுக்கின்றாய்?' என வினவுவதை விடுத்து, 'எதனால் அஞ்சுகின்றது?' என நம்மை நாமே வினவுதலே பரிகாரத்தின் தொடக்கமாகும்.