சாலமன் புட்சரின் நெப்ராஸ்கா ஒளிப்படங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பிரெய்ரி புல்வெளியில் குடியேறிய உழவர்களின் வாழ்வைப் பதிவுசெய்த கண்ணாடித் தகட்டுப் படத்தொகுப்பு. எடுத்தவர் சாலமன் டி. புட்சர் (1856–1927).

பின்னணி: 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டவர்களுக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கியது. மரம் அரிதான அவ்வெளியில் குடியேறிகள், புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். நெப்ராஸ்காவின் கஸ்டர் மாவட்ட வரலாற்றை எழுத முனைந்த புட்சர், 1886 முதல் குதிரை வண்டியில் பண்ணை பண்ணையாகச் சென்று படமெடுத்தார்.

படங்கள்: குடும்பத்தினர் வீட்டு வாசலில் நிற்க, குதிரைகளும் மாடுகளும் வீட்டுப் பொருள்களும் உடன் இடம்பெறும். மண்வீடு படத்தில் விழுவதை விரும்பாத ஒரு குடும்பம், தன் ஆர்கன் இசைக்கருவியை முற்றத்துக்குக் கொண்டுவந்து அதனருகே நின்றது. தகட்டைச் சுரண்டிச் சில உருவங்களைப் புட்சரே சேர்த்ததும் உண்டு. ஆய்வாளர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு: 1899இல் அவர் வீடு தீக்கிரையானபோதும் கண்ணாடித் தகடுகள் தப்பின. கஸ்டர் மாவட்ட வரலாறு 1901இல் நூலாக வந்தது. 3,000க்கும் மேற்பட்ட தகடுகள் நெப்ராஸ்கா மாநில வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தன. எளிய உழவர் குடும்பங்களின் முகங்களையும் உடைமைகளையும் இவ்வளவு விரிவாகக் காட்டும் இத்தொகுப்பு, ஊரக வரலாற்றுக்கு ஈடற்ற சான்று.