அமேசானுக்கு மேலே ஒரு கனத்த நீர் மூலக்கூறு

அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 3,200 நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்று மற்றவற்றைவிடக் கனமாக இருக்கும். அதன் இரண்டு ஹைட்ரஜன்களில் ஒன்று டியூட்டீரியம்; அணுக்கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல். சாதாரண நீர் மூலக்கூறின் நிறை 18 என்றால் இதற்கு 19. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பயன்படும் கனநீரில் இரண்டு ஹைட்ரஜனுமே டியூட்டீரியம். அந்தக் கணக்கில் இது பாதிக் கனநீர். இப்படி ஒரு மூலக்கூறின் பின்னாலேயே போனால், அமேசான் மழையைப் பற்றிய ஒரு பழைய கேள்விக்கு விடை கிடைக்கிறது.

கடலை விட்டுக் கிளம்புவதே இதற்குக் கடினம். எடை குறைந்தவை முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். அதனால் கடல்மேல் உள்ள ஆவியில், கடல்நீரில் இருப்பதைவிட இதன் பங்கு குறைவு. எப்படியோ மேலே வந்துவிட்டாலும், மேகத்தில் துளியாகத் திரள்வதில் இதுதான் முதல் ஆள். வியாபாரக் காற்று மேற்கே தள்ளத் தள்ள, மழைக்கு மழை கன மூலக்கூறுகள் இறங்கிக்கொண்டே போகும். மீதமுள்ள ஆவி மேலும் மேலும் லேசாகும். இறங்கியதெல்லாம் தரைக்கும் வந்து சேர்வதில்லை. வெப்பமண்டல மழை மேகங்களை ஒட்டி, பெய்யும் மழையில் வழக்கமாக 20 சதவீதமும், சில நேரம் 50 சதவீதம் வரையும் விழும் வழியிலேயே மறுபடி ஆவியாவதாக ஜான் வார்டனின் ஆய்வுக் குழு 2007இல் கணக்கிட்டது.

நம் மூலக்கூறு தப்பித்துத் தெற்கு அமேசான் மண்ணில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழை அரிது. மேல்மண் காய்ந்தாலும், ஆழமாக இறங்கிய வேர்கள் அடிமண்ணில் தேங்கிய நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வேர் கனம், லேசு என்று பார்ப்பதில்லை. வந்ததை அப்படியே மேலே அனுப்பும்.

இலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலைத்துளை வழியாக முதலில் லேசான மூலக்கூறுகளே வெளியேறுகின்றன. கனமானவை இலைநீரில் தங்கிச் சேர்கின்றன. சேரச் சேர, வெளியேறும் ஆவியிலும் அவற்றின் பங்கு ஏறுகிறது. கடைசியில், வேர் எந்த விகிதத்தில் தந்ததோ அதே விகிதத்தில் இலையும் வெளியே விடுகிறது. கடலால் செய்ய முடியாத காரியம் இது. கடல் தரும் ஆவி லேசானது. காடு தரும் ஆவி கனமானது. காட்டின் கையெழுத்து என்றே இதைச் சொல்லலாம்.

அந்தக் கையெழுத்தைப் படித்தது 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய ஒரு கருவி. 2004 ஜூலை 15 அன்று நாசா ஏவிய ஆரா செயற்கைக்கோளில் இருந்த அதன் பெயர் டெஸ். வெயிலில் சூடான தரையும் காற்றும் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. நீராவி அவற்றில் சில அலைநீளங்களை விழுங்கிவிடும்; அந்த அலைநீளங்களில் இடைவெளி விழும். கூடுதல் நியூட்ரானால் கன மூலக்கூறு அதிரும் வேகமே மாறிவிடுவதால், அது விழுங்கும் அலைநீளங்களும் வேறு. அந்த இடைவெளிகளின் ஆழத்தை அளந்து, தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே உள்ள ஆவியில் இரண்டு வகையும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று கணக்கிட்டார்கள்.

இனி அந்தப் பழைய கேள்வி. பருவக்காற்று மாறி, வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கு அமேசானுக்கு மேல் வந்து சேர டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். ஆனால் மழைக்காலம் அக்டோபர் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் முன்னதாக அந்த மழையைக் கொண்டுவருவது யார்? ஜொனத்தன் ரைட், ரோங் ஃபூ உள்ளிட்ட ஆய்வுக் குழு 2017இல் டெஸ் அளவுகளை வைத்து விடை சொன்னது. வறண்ட காலம் முடியும் நேரத்தில், பெருமழை தொடங்கும் முன்பே, ஆவியில் டியூட்டீரியம் உச்சத்தில் இருந்தது. காடு மிகப் பசுமையாக இருக்கும் நேரமும் அதுதான். கடலிலிருந்து வந்த ஆவி இவ்வளவு கனமாக இருக்க முடியாது. இலைகள் விட்ட ஆவியைச் சிறு மேகங்கள் மேலே ஏற்றி, காற்றை ஈரமாக்கி, பெருமழைக்கு வழி செய்கின்றன. மழைக்காலத்தைத் தொடங்கிவைப்பது காடு.

2010 முதல் டெஸ் கருவியின் நகரும் கை அவ்வப்போது நின்று நின்று போனது. ஐந்தாண்டுக்கென்று திட்டமிட்ட கருவியைப் பக்குவமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டி, 2018 ஜனவரி 31 அன்று நிறுத்தினார்கள். 2017 அக்டோபரில் ஐரோப்பா ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவியும் இதே விகிதத்தை அளக்கிறது.

தெற்கு அமேசானின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் முதல் மழையை நம்பிச் சோயா விதைக்கிறார்கள். அதை அறுத்த கையோடு அதே மழைக்காலத்தில் மக்காச்சோளமும் போடுகிறார்கள். மழை தள்ளிப்போனால் இரண்டாம் போகத்துக்கு நாள் போதாது. அந்தச் சோயாவுக்காகவும் மாட்டு மேய்ச்சலுக்காகவும்தான் அங்கே காடு அழிந்திருக்கிறது. மிச்சமிருக்கும் காட்டை வெட்டாமல் விடுவது அந்த விவசாயிகளுக்கே முதல் தேவை.