செட்டிநாட்டுப் பூஜகர்கள்

நெற்குப்பையைச் சூழ்ந்த செட்டிநாட்டுச் சீமையில் தெய்வ கைங்கரியம் ஒரே குலத்தார் வசம் இருந்ததில்லை. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் ஆகம விதிப்படி பூஜை செய்வோர் சிவாசாரியார்கள். திருப்பணியும் நிர்வாகமும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நகரத்தார் பொறுப்பு. அவர்கள் இல்லத்து விவாகமோ, மணமக்களின் கோயில்களிலிருந்து மாலை வந்த பின்னரே சமூக அங்கீகாரம் பெறும்.

எல்லையிலுள்ள அய்யனார் சந்நிதியிலோ, பல ஊர்களில் மண் வனையும் வேளாரே பூசாரி. புரவியெடுப்பு விழாவுக்கு நாள் குறித்ததும் ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் எடுத்துக் கொடுக்க, அதைக் கொண்டு தொடங்கிக் குதிரைகளை வனைந்து, சூளையில் சுட்டு, ஊரார் தோளில் சுமந்து செல்லும் அப்புரவிகளுக்குக் கண் திறந்து வைப்பவரும் அவரே.

இம்முறையோடு ஒப்பிட்டால், புராதன ரோமாபுரியில் புரோகிதப் பதவிகள் பெரும்பாலும் குலத்தொழிலாக இராமல், அரசியல் பிரமுகர்கள் வகித்த கௌரவங்களாக இருந்தன. ஜூலியஸ் சீசர் கி.மு. 63-இல் தேர்தலில் வென்றே தலைமைக் குருவானார். பறவைகளின் போக்கைக் கண்டு தேவர்களின் சம்மதத்தை அறிவிக்க அங்கே தனிக் குழு இருந்ததெனில், இங்கே அருள் வந்து குறி சொல்லும் சாமியாடி உண்டு. ஆயினும் அங்கே அதிகாரமுடையவரே குருவாக, செட்டிநாட்டில் பொருள் தருபவர் ஒருவர், பூஜை செய்பவர் வேறொருவர் என்ற பிரிவினை நிலைத்தமையால், கோயிலையே கட்டிய கொடையாளியும் பிரசாதத்துக்கு அர்ச்சகர் கையை எதிர்நோக்கியே நின்றார்.